மூடி இல்லாத போத்தல்

பரந்தன் சந்தியில் இறங்கி, உள்ளே போகும் எங்கள் வீதியில் என்னை விசாரித்துப் பாருங்கள். பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. "போத்தல்காரி" என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூட கையைப் பிடித்துக் கூட்டிவந்து படலையில் விட்டுவிட்டுப் போகும். முதலில் அந்தப் பெயரைப் பகிடிக்குத்தான் வைத்தார்கள். சினந்தால்தான் பட்டப்பெயர் ஒட்டும் என்பார்கள். எனக்குச் சினக்காமலே ஒட்டிவிட்டது. சரி, ஒட்டினது ஒட்டினதுதான் என்று என் கொட்டில் வாசலில் நானே அதைப் பெயின்ற் வாங்கி எழுதி வைத்துவிட்டேன்.

தொழில் தொடங்கியது ஆனையிறவில். என் மனுசனுக்கு அங்கே உப்பளத்தில் கூலி வேலை. உப்புப் பாத்திக்குள் நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் காணாது. குடித்த போத்தல்களைக் காற்று உருட்டிக்கொண்டு போய் வரம்போரமாகக் குவித்துவிடும். ஒருநாள் பின்னேரம் அவர் சைக்கிள் கரியரில் ஒரு உரப்பை நிறைய வெறும் பிளாஸ்ரிக் போத்தல் கட்டிக்கொண்டு வந்தார்.

"உதை ஏன் இஞ்ச கொண்டுவந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"சும்மா கிடக்குது. நீதானே ஒண்டையும் எறியவிடமாட்டாய்" என்றார்.

மறுநாள் அதைக் கிளிநொச்சியில் இருக்கும் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தேன். கடைக்காரர் தந்த காசுக்கு ஒரு இறாத்தல் பாணும் கொஞ்சம் தேயிலையும் வாங்க முடிந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கண் வீதிக்கரையிலேயே இருந்தது. அதுவரை ஆயிரம் தடவை போன வீதி. அன்றைக்குத்தான் அதன் இரண்டு பக்கமும் பாணும் தேயிலையும் கிடப்பதைக் கண்டேன்.

அதன்பிறகு குனியத் தொடங்கினேன். குனிவதில் எனக்கு வெட்கம் இல்லை. என் அம்மாவும் அப்பாவும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். குனிந்தும் நிமிர்ந்தும் உழைத்த சனம். நான் பிறந்தது இங்கேதான், படித்தது இங்கேதான், பேசுவதும் இந்த ஊர்ப் பேச்சுத்தான். கோபம் வந்தால் மட்டும் அம்மாவின் மலைநாட்டுத் தமிழ் வாயில் வந்துவிடும். அதை வைத்தே என் வீட்டில் எனக்குக் கோபமா, வெறும் சத்தமா என்று கண்டுபிடிப்பார்கள்.

வீதியில் கிடக்கும் போத்தலைப் பார்த்தே அதை எறிந்தது யார் என்று சொல்ல நான் பழகிவிட்டேன். தெற்கிலிருந்து சுற்றுலா வருகிறவர்கள் பாதி குடித்துவிட்டு மீதியோடு எறிவார்கள். மூடி ஒரு பக்கம் கிடக்கும், போத்தல் ஒரு பக்கம் கிடக்கும். எங்கள் சனம் எறிந்ததில் ஒரு சொட்டும் இருக்காது. மூடி இறுக்கிப் பூட்டியிருக்கும். எறிகிற போத்தலுக்கு ஏன் மூடி என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. நானும் அப்படித்தானே எறிவேன்.

உண்மையில் எங்கள் சனம் போத்தலை எறிவதே குறைவு. வீடு வீடாகப் போய்க் கேட்டால் சிரிப்பார்கள். மண்ணெண்ணெய்க்கு ஒரு போத்தல், நல்லெண்ணெய்க்கு ஒரு போத்தல், வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக இரண்டு போத்தல், தென்னம்பிள்ளைக்குத் தலைகீழாகக் குத்திவைத்துச் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விட நாலு போத்தல். ஒரு வீட்டில் ஒரு அம்மா என்னிடமே திருப்பிக் கேட்டார், "நல்ல மூடியோடை ரெண்டு இருந்தாத் தந்திட்டுப் போ பிள்ளை" என்று. கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அன்றைக்கு எனக்கு நட்டம். ஆனாலும் அந்த வீட்டார்தான் பிறகு தங்கள் மகளின் கலியாணத்தில் சேர்ந்த அத்தனை போத்தலையும் எனக்கென்று மூட்டை கட்டி வைத்திருந்தார்கள்.

இப்படி ஆறு வருடம். வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டேன். என்னோடு மூன்று பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அதில் ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். குளத்துக்குக் கீழே அரசாங்கம் காணி கொடுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வயல் இருக்கிறது, தம்பியிடம் உழவு மெசின் இருக்கிறது, பேச்சில் ஒரு நிமிர்வும் இருக்கிறது. முன்பெல்லாம் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால், கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே கதைத்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போவார். எனக்கு ஏன் என்று தெரியும். நானும் விடாமல் ஒவ்வொரு தடவையும் போட்டுக் கொடுப்பேன். ஒரு வருடம் வெள்ளம் வந்து வயல் முழுவதும் அழுகிப்போனது. அந்தத் தை மாதம் அக்கா வேலை கேட்டு வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி இன்றுவரை கதைத்ததில்லை.

ஆறு வருடமும் இரும்புக் கடைக்காரர் வைத்ததுதான் விலை. அவருடைய தராசு, அவருடைய வாய். எனக்கு அது பெரிய குறை. பொறுக்குவது நான், கழுவுவது நான், விலை மட்டும் அவர் சொல்வதா? அப்படி இருந்தபோதுதான் புத்தளப் பக்கத்தில் போத்தல் வாங்கி அரைக்கிற முதலாளி ஒருவர் என் இலக்கத்தை எப்படியோ எடுத்துப் பேசினார். வடக்கில் ஒரு இடத்தில் போத்தல் அமுக்கும் இயந்திரம் ஒன்றை வைக்கப்போகிறாராம். அந்த இயந்திரம் போத்தலை வைக்கோல் கட்டுப்போல் சதுரமாக அமுக்கிக் கட்டிவிடும். அது எங்கே நிற்கிறதோ அங்கேதான் மாவட்டத்துப் போத்தல் எல்லாம் வந்து சேரும். விசாரித்ததில் இரண்டு இடம் அவர் மனதில் இருந்தது. ஒன்று இரும்புக் கடை. மற்றது என் கொட்டில்.

"முதல் லோட்டைப் பாத்துத்தான் முடிவெடுப்பேன் தங்கச்சி. போத்தல் கிளீனா இருக்கணும். மண், தண்ணி ஒண்ணும் இருக்கப்படாது" என்றார்.

எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. ஆசையில்தான். இயந்திரம் வந்தால் நான் விற்கிறவள் இல்லை, வாங்குகிறவள். மூன்று பெண்களுக்கும் மழை, வெயில் பாராமல் நாள்தோறும் வேலை. இரும்புக் கடைக்காரருக்கு விசயம் எட்டியதும் சந்தியில் என்னை மறித்து, "போத்தல்காரிக்கு மெசினோ? மெசினுக்கு இரும்பைத் தெரிஞ்ச ஆள் வேணும், பிள்ளை" என்றார்.

"இரும்பு கறள் பிடிக்கும் அண்ணை. போத்தல் பிடியாது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். வாய்க்கு ஒன்றும் குறைவில்லை எனக்கு.

மழை ஓய்ந்ததிலிருந்து அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் வரை சேர்த்தோம். கோயில் வீதியில் மட்டுமே மூன்று நாள் பொறுக்கினோம். முதலாளி சுத்தம் என்றார் அல்லவா? சுத்தம் என்றால் என்னவென்று காட்டுகிறேன் என்று நின்றேன். ஒவ்வொரு போத்தலையும் கிணற்றடியில் அலசி, கவிழ்த்துக் காயவைத்து, உள்ளே திரும்பத் தூசி போகாதபடி மூடியைப் பூட்டி இறுக்கினோம். மூடி இல்லாத போத்தல்களுக்கு வேறு மூடி தேடிப் பொருத்தினோம். பொருந்தாத மூடியைப் பூட்டியவளை நான் ஏசியும் இருக்கிறேன். முந்நூறு உரப்பைக்கு மேல் சேர்ந்தது. கொட்டில் நிறைந்து, முற்றம் நிறைந்து, வீட்டுக்குள் போக ஒற்றையடிப் பாதைதான் மிச்சம் இருந்தது. என் மனுசன், "நாளைக்கு என்னையும் மூடி பூட்டி அடுக்கிவிடுவாய்" என்றார்.

லொறி வந்தது ஒரு காலைநேரம். முதலாளியே முன்சீற்றில் இருந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்குப் பிளாஸ்ரிக் கதிரை ஏற்றிப்போகிற லொறி. அங்கே இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது என் போத்தலை ஏற்றுவதாகத்தான் கதை. போகும் வழியில் சரக்கைப் பார்க்க வந்திருந்தார். நான் புதுச் சட்டை போட்டு நின்றேன். மூட்டைகளைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. ஒன்றை அவிழ்க்கச் சொன்னார். போத்தல்கள் கண்ணாடிபோல் மின்னின. ஒன்றை எடுத்து நிலத்தில் போட்டுச் சப்பாத்துக் காலால் மிதித்தார். அது அமுங்கவில்லை. வழுக்கி உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"இது எல்லாமே மூடியோடயா?" என்றார்.

"ஓம். ஒண்டுகூட மூடி இல்லாமல் இல்லை" என்றேன். அவ்வளவு பெருமையாகச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "தங்கச்சி, இதுக்குள்ள இருக்கிறது காத்து. லொறியில பாதிகூட ஏறாது. புத்தளம் வரைக்கும் காத்துக்கு டீசல் அடிக்கிறதா நான்? மூடி வேற பிளாஸ்ரிக், போத்தல் வேற பிளாஸ்ரிக். ரெண்டும் சேந்தா அரைக்கிற இடத்தில எடுக்கமாட்டான். தொழில் தெரிஞ்ச ஆள்னு நெனைச்சேன்" என்றார்.

அந்தக் கடைசிச் சொல் எனக்குக் கன்னத்தில் அடித்ததுபோல் இருந்தது. இரும்புக் கடைக்காரர் மூடியோடேயே நிறுத்து எடுப்பார், எனக்கும் நிறைதானே கூடும். அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஆறு வருடம் தொழில் செய்து அதன் முதல் பாடம்கூட எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

"நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்குத் திரும்பி வருவோம். மூடி கழட்டி, தட்டையாக்கி வெச்சிருந்தா ஏத்துறேன். இல்லாட்டி டவுன்ல இரும்புக் கடையில ஏத்திட்டுப் போறேன். மெசினும் அங்கதான்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

லொறியின் புழுதி அடங்குமுன் எனக்கு மலைநாட்டுத் தமிழ் வந்துவிட்டது. "அறிவு கெட்டவளுகளா! எறியப்போற போத்தலுக்கு எதுக்குடி மூடி? ஏன் இப்புடிப் பண்ணித் தொலைச்சீங்க?" என்று மூன்று பேரையும் பிடித்துக் கத்தினேன். இரண்டு பேர் தலையைக் குனிந்தார்கள். அக்கா குனியவில்லை.

"பூட்டச் சொன்னது ஆர்?" என்றார்.

நான்தான் சொன்னேன். ஒரு மூடி பொருந்தவில்லை என்று ஏசியதும் நான்தான். வாசல்படியில் போய் இருந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

அக்கா என் பக்கத்தில் வந்து இருந்தார். "நீ சொல்லாட்டியும் நான் பூட்டியிருப்பன். மூடி இல்லாத போத்தலைக் கண்டா எனக்குக் கை சும்மா இராது" என்றார். பிறகு, கேட்காமலே சொன்னார். "சண்டையின்ர கடைசி மாசங்களில கடற்கரையில ஒரு மூடிக்கு அரை நெருப்புப்பெட்டி குடுத்தனான். நெருப்பு இல்லாமல் பச்சையாத் திண்டாலும் தின்னலாம். பிள்ளைக்குத் தண்ணி இல்லாமல் என்ன செய்யிறது?"

நானும் அந்த மணலில்தான் இருந்தேன், என் அம்மாவும் இருந்தா. போத்தல் எங்கும் கிடந்தது. மூடிதான் கிடையாது. மூடி இல்லாத போத்தலோடு ஓட முடியாது, பதுங்குகுழிக்குள் படுக்க முடியாது. மணல் விழும், தண்ணீர் சிந்தும். என் அம்மா எங்கள் மூடியை நூலால் போத்தல் கழுத்தோடு கட்டி வைத்திருந்தா. ஒருநாள் ஓடும்போது நூல் அறுந்து மூடியைத் தொலைத்துவிட்டேன். இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற என்னை, வாழ்நாளில் ஒருதடவைகூடக் கை நீட்டாத என் அம்மா, அன்றைக்குக் கன்னத்தில் அறைந்தா. பிறகு தன் சேலைத் துண்டைச் சுருட்டி அந்தப் போத்தலை அடைத்தா. அவ்வளவு காலமும் அந்த அறையை நான் மறந்திருந்தேன். என் விரல்கள் மறக்கவில்லை.

"அப்ப கழட்டுவம்" என்று எழுந்தேன். "ஆனால் நாலு பேரால ஏலாது."

எங்கள் பக்கத்தில் களையெடுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தியின் வயலுக்கு மற்றவள் இறங்குவாள். கூலி இல்லை, அவளுடைய வயலுக்கு இவள் திரும்ப இறங்கினால் சரி. அக்கா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகச் சைக்கிளில் போனோம். "ஒரு நாள் வாங்கோ. உங்கட வயலில ரெண்டு நாள் நான் நிப்பன்" என்று படலைக்குப் படலை சொன்னேன். எனக்காகச் சிலர் வந்தார்கள். அக்கா கேட்டதற்காகப் பலர் வந்தார்கள். முன்பு என் வீட்டுத் தேத்தண்ணியை வாயில் வைக்காத இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். மத்தியானம் ஆகமுன் முற்றத்து மாமரத்தின் கீழ் இருபது பெண்களுக்குக் குறையாமல் இருந்தார்கள்.

முதல் ஒரு மணிநேரம் ஒருவருக்கும் கை ஓடவில்லை. கழற்றுகிறார்கள், கழற்றிய மூடியை நிலத்தில் போட மனமில்லாமல் மடியில் போடுகிறார்கள். மடி நிறைந்ததும் எழுந்து கொட்டிவிட்டு வந்து இருக்கிறார்கள். ஒரு மாமி பழக்கதோசத்தில் கழற்றிய போத்தலுக்கே திரும்ப மூடியைப் பூட்டி வைத்தா. "என்ன மாமி, எனக்கு வேலை செய்ய வந்தனீங்களோ, இரும்புக் கடைக்கோ?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபிறகு கை ஓடியது. நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூடிகள் மூன்று குவியலாக வளர்ந்தன. பொழுது சாய்கிறபோது பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. மறுநாள் விடியவே வந்து, பத்துமணிக்குள் மிச்சத்தையும் முடித்தார்கள்.

அடுத்தது தட்டையாக்குவது. செருப்புக் காலால் மிதித்துப் பார்த்தோம். ஒரு மூட்டை மிதிக்க அரை மணிநேரம். வழுக்கி விழுந்தவர்களும் உண்டு. நாலு மணிக்குள் முந்நூறு மூட்டை என்றால் நடக்கிற காரியமா? நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. போத்தல் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடு மிதிக்கிற மாதிரி மிதிச்சா என்ன?" என்றார்.

நெல்வெட்டு மெசின் வந்தபிறகு இப்போது ஒருவரும் சூடு மிதிப்பதில்லை. முன்பு அறுத்த கதிரைக் களத்தில் பரப்பி அதன்மேல் உழவு மெசினை வட்டமாக ஓட்டுவார்கள். நெல் கீழே கொட்டும், வைக்கோல் மேலே நிற்கும். அக்கா தம்பிக்குப் போனில் ஒரு கோல் எடுத்தார். என்ன சொன்னாரோ தெரியாது. என் படலைக்குள் ஒருநாளும் கால் வைக்காத அந்த மனுசன் அரை மணித்தியாலத்தில் உழவு மெசினோடு வந்து நின்றார்.

முற்றத்தில் நெல் காயவிடும் பெரிய படங்கை விரித்துப் போத்தல்களைக் கொட்டினோம். ஓரத்தில் உருண்டு ஓடாதபடி இன்னும் கொட்டாத மூட்டைகளை வரம்புபோல் அடுக்கினோம். தம்பியார் இறங்கிச் சுற்றிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிப் படங்குக்கு வெளியே வைத்துவிட்டு ஏறினார். களத்துக்குள் செருப்போடு போகக்கூடாது என்பது அவருக்கு ஊறின பழக்கம். போத்தல் களத்துக்கும் அதே மரியாதை கிடைத்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தை எப்படிச் சொல்ல! யாரும் சிரிக்கவில்லை. நான்கூடச் சிரிக்கவில்லை.

மெசின் சுற்றத் தொடங்கியது. போத்தல்கள் சப்பையாகிக்கொண்டே வந்தன. பெண்கள் கவர்த்தடியால் உருள்வதைத் தள்ளித் தள்ளி உள்ளே விட்டார்கள். இரண்டாவது சுற்றில் "படார்" என்று ஒரு சத்தம்.

முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் நிலத்தோடு குந்தி இருந்தோம். விழவில்லை, இருந்துவிட்டோம். தலையைக் கையால் மூடியபடி, ஒருத்தி பக்கத்து வீட்டுப் பிள்ளையை அணைத்தபடி, நான் மாமரத்து அடியோடு ஒட்டியபடி. தம்பியார் மெசினை நிறுத்திவிட்டு ஸ்ரியரிங்கில் குனிந்துகிடந்தார்.

அக்காதான் முதலில் தலையைத் தூக்கினார். படங்கில் ஒரு போத்தல் கிழிந்து கிடந்தது. அதன் கழுத்தில் நீல மூடி, இறுக்கிப் பூட்டியபடி.

"போத்தலடி" என்றார். "மூடி கழட்டாத போத்தல். ஆரின்ரையோ கை மறந்துபோச்சு."

பிறகு அந்த மாமி, மூடியைத் திரும்பப் பூட்டிய மாமி, "என்ர கையாத்தான் இருக்கும்" என்றா. முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு முற்றமே சிரித்தது. வயிறு நோகும்வரை சிரித்தோம், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். அதன்பிறகு இன்னும் எட்டுப் பத்துப் போத்தல் வெடித்தது. ஒவ்வொன்றுக்கும் தோள் ஒரு தரம் துள்ளும், பிறகு பிள்ளைகள் கைதட்டுவார்கள், யாராவது ஒருத்தி மாமியின் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். மிதித்து முடித்த போத்தலை அள்ளி முதல் மூட்டை கட்டியபோது, அக்காவின் தம்பி மெசினில் இருந்தபடியே களத்தில் நெல் அள்ளும்போது சொல்வதுபோல் "பொலி! பொலி!" என்று உரத்துக் கூப்பிட்டார். பெண்களும் திருப்பிக் கூப்பிட்டார்கள்.

மூன்றரைக்கு முடித்தோம். முந்நூறு மூட்டை எண்பதுக்குள் அடங்கிவிட்டது. நான் முகம் கழுவினேன். புதுச் சட்டையை மறுபடி போடவில்லை. புழுதியோடேயே படலையில் நின்றேன்.

முதலாளி இறங்கினார். மூட்டைகளைப் பார்த்தார், டயர் தடத்தைப் பார்த்தார், மூடிக் குவியல் மூன்றையும் பார்த்தார். ஒரு மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டுத் துழாவினார். ஏற்றச் சொன்னார். எல்லாம் ஏறியபிறகும் லொறியில் பாதி இடம் வெறுமையாகக் கிடந்தது.

"மத்தப் பாதி?" என்றார்.

"அதை மெசினோடை வந்து ஏத்துங்கோ" என்றேன்.

அவர் என்னை ஒருதரம் நன்றாகப் பார்த்தார். பிறகு சிரித்தார். "எங்க வைக்கிறதுன்னு இடத்தைத் துப்புரவாக்கி வைங்க" என்றார். அக்கா அவருக்கும் சாரதிக்கும் வழிக்குக் குடிக்க இரண்டு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மூடி இறுக்கிப் பூட்டியிருந்தது. முதலாளி அதைக் கண்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"குடிக்கிற போத்தலுக்கு மூடி வேணும்" என்று அக்கா சொன்னார், பதிலுக்கு இடம் வைக்காமல்.

அடுத்த மாதம் இயந்திரம் வந்தது. இப்போது கிளிநொச்சியிலிருந்தும் ஸ்கந்தபுரத்திலிருந்தும் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்தும் போத்தல் என் கொட்டிலுக்குத்தான் வருகிறது. இரும்புக் கடைக்காரரும் தன்னிடம் சேர்வதை எனக்குத்தான் அனுப்புகிறார். விலை நான் சொல்வது, தராசு என்னுடையது. அவருக்கு ஒரு கிராம்கூடக் குறைத்து நிறுத்ததில்லை. அது என் வீம்பு. சொன்னபடி இருபது வயல்களிலும் இரண்டிரண்டு நாள் களையெடுத்தும் கொடுத்துவிட்டேன். முதுகு இன்னும் நோகிறது. கொட்டில் சுவரில் "மூடியைக் கழற்றித் தரவும்" என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடங்களுக்குப் போயும் சொல்கிறேன். பிள்ளைகள் சொன்னவுடன் டக்கென்று கழற்றி எறிகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு நல்ல சந்தோசம்.

போன கிழமை இயந்திரத்தடியில் நின்றபோது அக்காவின் சட்டைப் பை கிழிந்து மூடிகள் நிலத்தில் கொட்டின. பத்துப் பன்னிரண்டு இருக்கும். எல்லாம் வெடிப்பில்லாத, நல்ல மூடிகள். மூடியையும் நான் தனியாக நிறுத்து விற்கிறேன். அதனால் புதிதாக வேலைக்கு வந்த பெண் அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். முதலாளி என்ற முறையில் நான் கேட்கத்தான் வேண்டும்.

"என்னக்கா உது?" என்றேன்.

"கிடக்கட்டும்" என்றார். முகம் சிவந்துவிட்டது. "ஒருநாளைக்குத் தேவைப்பட்டா?"

நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தேன். என் குசினியில் சீனிப் போத்தலுக்குப் பின்னால் ஒரு பால்மாத் தகரப் பேணி இருக்கிறது. அதற்குள் எத்தனை மூடி இருக்கிறது என்று என் மனுசனுக்குக்கூடத் தெரியாது.